பிள்ளை படிக்கும் மூலைக்கும் ஒரு விளக்கு

பள்ளி ஆண்டு தொடங்கும் சூன் திங்களில் பெற்றோர் படும் பாடு பெரிது. புத்தகப் பை, குறிப்பேடு, சீருடை, காலணி, கட்டணம் என ஒன்றன்பின் ஒன்றாகச் செலவுகள் வந்து வாசலில் நிற்கின்றன. கடன் வாங்கியேனும் அவற்றைச் செய்து முடிக்கின்றனர். ஆயின், அப்பிள்ளை மாலையில் வீடு திரும்பியபின் எவ்விடத்தில் அமர்ந்து, எந்த வெளிச்சத்தில் அப்புத்தகத்தைத் திறக்கப் போகிறது என எண்ணிப் பார்க்கும் பெற்றோர் மிகச் சிலரே. "விளக்குத்தான் எரிகிறதே" என்பதோடு அந்த எண்ணம் முடிந்துவிடுகிறது.

அறையில் விளக்கு எரிவது வேறு; புத்தகத்தின்மீது வெளிச்சம் விழுவது வேறு. இவ்வேறுபாட்டைத் தம் தொழிலால் நன்கு அறிந்தவர்கள் காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர்கள். ஆகவே, பிள்ளைகள் படிக்கும் இடத்தின் ஒளியமைப்பைப் பற்றிப் பேசப் புகும் நாம், அவர்தம் தறியின் அருகிலிருந்தே தொடங்குவது பொருத்தம் எனக் கருதுகிறோம்.

தறிக்குக் கிடைத்த இடம்

காஞ்சிபுரம் கோயில்களாலும் பட்டாலும் மட்டுமன்றிக் கல்வியாலும் புகழ்பெற்ற நகர். பல்லவர் காலத்தில் அங்குக் கடிகை எனும் உயர்கல்விக் கழகம் இருந்தது. கடம்ப அரசை நிறுவிய மயூரசர்மன் 4ஆம் நூற்றாண்டில் அக்கடிகையில் பயில வந்தான் எனக் கருநாடகத்திலுள்ள தாளகுண்டாக் கல்வெட்டு கூறுகிறது. நம் காலத்திற்கு அருகில் வந்தால், 1909இல் அந்நகரின் நெசவுக் குடும்பம் ஒன்றில் பிறந்து, அங்குள்ள பச்சையப்பன் உயர்நிலைப் பள்ளியில் படித்த அறிஞர் அண்ணா 1967இல் மாநிலத்தின் முதலமைச்சரானார். தறியும் ஏடும் அந்நகரில் அண்டை வீட்டார் போலவே வாழ்ந்து வந்துள்ளன.

ஆயினும் ஒரே வீட்டுக்குள் அவ்விரண்டிற்கும் இடம் காண்பது எளிதன்று. பிள்ளையார்பாளையம் போன்ற பகுதிகளிலுள்ள பழைய நெசவாளர் வீடுகளின் அமைப்பைப் பாருங்கள். அகலம் குறைவு, நீளம் மிகுதி. இருபுறமும் அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டி நிற்பதால் பக்கச் சன்னலுக்கு வழியில்லை. தெருப்பக்கத்துத் திண்ணையை ஒட்டியும், நடுவிலுள்ள முற்றம் அல்லது கூரையில் பதித்த கண்ணாடி ஓட்டின் வழியேயும் வருவதே பகல் வெளிச்சம். அந்த வெளிச்சம் விழும் நல்ல இடத்தில் தறி அமர்ந்திருக்கிறது.

அது நியாயமே. பாவில் ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகள் ஓடுகின்றன. அவற்றுள் ஒன்று அறுந்ததைக் காணத் தவறினால், பல நாள் உழைப்பில் உருவான சேலையில் குறை விழுந்துவிடும். ஆகவே நெசவாளர் பகல் ஒளியை மட்டும் நம்பியிராமல், நெய்யும் துணிக்கு நேர் மேலே, கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு விளக்கைத் தொங்க விடுகின்றார். அதற்கு ஒரு மூடி போட்டுத் தம் கண்ணில் ஒளி படாதவாறும், நாடா ஓடும் இடத்தில் நிழல் விழாதவாறும் அதை இழுத்துக் கட்டுகின்றார். ஒளியமைப்புப் பொறியாளர் நூல்களில் காணும் விதிகளில் பாதியை அவர் அந்த ஒரு கயிற்று முடிச்சிலேயே நிறைவேற்றிவிடுகின்றார்.

அதே வீட்டில் அவருடைய பிள்ளை எங்கே படிக்கிறது? பெரும்பாலும் தறிக்குப் பின்னால், அடுக்களைக்குப் போகும் நடையில், சுவரில் முதுகைச் சாய்த்து, மடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு. விளக்கு பத்தடி உயரத்தில் எதிர்ச் சுவரில் இருக்கிறது. தறி இல்லாத வீடுகளிலும் நிலைமை ஏறத்தாழ இதுவே. அங்கே தறியின் இடத்தைத் தொலைக்காட்சிப் பெட்டி பிடித்திருக்கிறது.

நாடாவா, புத்தகமா?

இதைச் சிறிய செய்தி என ஒதுக்கிவிட முடியாமைக்குக் காரணம் உண்டு. காஞ்சிப் பட்டின் சிறப்பு கோர்வை. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். இரண்டையும் ஊடை இழையால் கோத்து இணைப்பதற்கு மூன்று நாடாக்கள் தேவை. ஒருவர் தனித்து இதைச் செய்ய இயலாது. பக்கத்தில் அமர்ந்து ஒரு பக்கத்து நாடாவைத் தள்ளிக் கொடுக்க மற்றொருவர் வேண்டும். நெடுங்காலம் அந்த மற்றொருவர் ஒரு சிறுவனாகவோ சிறுமியாகவோ இருந்து வந்தனர். முதலாளியிடம் பெற்றோர் பெற்ற முன்பணத்திற்காகப் பள்ளியை விட்டுத் தறிக்கு வந்த பிள்ளைகள் பலர். 2003ஆம் ஆண்டு சனவரியில் மனித உரிமைக் கண்காணிப்பகம் எனும் பன்னாட்டு அமைப்பு, இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைகளாகிய சிறுவரைக் குறித்து வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது.

அந்நிலை பெருமளவு மாறியுள்ளது. அரசும் தொண்டு நிறுவனங்களும் எடுத்த முயற்சிகளாலும், 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தாலும், பெற்றோரின் மனமாற்றத்தாலும் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்கின்றனர். 2016ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் 14 வயது நிறையாத பிள்ளைகளை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது எனத் தடை விதித்தது. எனினும், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்திற்குப் பின்னும் விடுமுறை நாள்களிலும் பிள்ளைகள் பெற்றோர்க்கு உதவலாம் என அதே சட்டம் ஒரு வாசலைத் திறந்து வைத்துள்ளது.

ஆக, பள்ளி மணி அடித்த பின்பு வரும் அந்த மூன்று மணி நேரம் யாருடையது என்பதைச் சட்டம் முடிவு செய்யவில்லை. குடும்பமே முடிவு செய்கிறது. வெளிச்சம் முழுவதும் தறியின் பக்கம் இருந்து, புத்தகத்தின் பக்கம் இருள் இருக்குமாயின், பிள்ளை எப்பக்கம் நகரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. படிக்கும் மூலையில் ஒரு விளக்கைப் பொருத்துவது, "இந்த நேரம் உன் படிப்புக்கு உரியது" எனப் பெற்றோர் சொல்லாமல் சொல்லும் வாக்குறுதி.

நாம் இல்லங்களைச் சந்திக்கச் செல்லும் வேளைகளில் தாய்மார் பலர் முறையிடுவதுண்டு: "சாமி, லைட்டு போட்டுத்தான் இருக்கு. புஸ்தகத்தை எடுத்தா அஞ்சு நிமிசத்துல கண்ணைக் கசக்கறான், தூங்கி விழறான்." பிள்ளை சோம்பேறி என முடிவு கட்டுமுன், அது அமர்ந்த இடத்தில் நாமும் ஐந்து நிமிடம் அமர்ந்து அதே பக்கத்தைப் படித்துப் பார்ப்பது நலம். பல வேளைகளில் விடை அங்கேயே கிடைத்துவிடும்.

பகல் ஒளியே முதல் விளக்கு

வெளிச்சத்தை லக்ஸ் எனும் அளவால் குறிப்பர். ஒரு மெழுகுவர்த்தி மூன்றேகால் அடி தொலைவில் தருவது ஏறத்தாழ ஒரு லக்ஸ். நண்பகல் நேர்வெயில் ஒரு இலட்சம் லக்ஸ் அளவுக்குச் செல்லும். மேகம் மூடிய பகலிலும் வெட்டவெளியில் பல்லாயிரம் லக்ஸ் கிடைக்கிறது. வகுப்பறைக்கு ஏறத்தாழ 300 லக்ஸ் வேண்டும் என்பது வல்லுநர்கள் பொதுவாக ஏற்கும் அளவு. கூரையில் ஒரே விளக்கு எரியும் வீட்டு நடையில் தரையருகே கிடைப்பதோ பெரும்பாலும் இதில் ஒரு சிறு பங்கே.

எனவே விலையின்றிக் கிடைக்கும் பகல் ஒளியை முதலில் பயன்படுத்துவோம். சன்னல் வழியே வரும் ஒளி வீட்டுக்குள் நெடுந்தொலைவு செல்வதில்லை. தரையிலிருந்து சன்னலின் மேல்விளிம்பு எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரண்டு அல்லது இரண்டரை மடங்கு தொலைவு வரையே அது படிப்புக்கு உதவும் என்பது கட்டடக் கலைஞர் கைக்கொள்ளும் பொதுக் கணக்கு. ஏழடி உயரச் சன்னலாயின், பதினான்கு பதினைந்து அடிக்கு அப்பால் பகலிலும் அந்திதான். நீண்ட வீடுகளின் நடுப்பகுதி இருண்டிருப்பது இதனாலேயே.

இதற்கு மாற்று உண்டு. காலை ஆறு முதல் எட்டு வரையிலும், மாலை ஐந்து முதல் ஆறு வரையிலும் திண்ணையும் முற்றத்து ஓரமும் சிறந்த படிப்பிடங்கள். நேர்வெயில் மட்டும் ஏட்டில் படக்கூடாது. வெள்ளைத் தாளில் அது கண்ணைக் கூசச் செய்யும். 2021இல் தமிழக அரசு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியபோது, மாலை வேளைகளில் தன்னார்வலர் வீட்டுத் திண்ணைகளிலும் பொதுவிடங்களிலும் பிள்ளைகளை அமர்த்திப் பாடம் சொன்னதை நாம் கண்டோம். ஓட்டு வீடாயின், பிள்ளை அமரும் இடத்திற்கு மேல் ஓர் ஓட்டை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு பதிக்கலாம். ஆண்டுக்கு இருமுறை அதன் தூசியைத் துடைக்கவும் வேண்டும். தூசி படிந்த கண்ணாடி ஓடும் மண் ஓடும் ஒன்றே.

விளக்கைக் கீழே கொணர்க

மாலை மங்கிய பின்னர் மின்விளக்கே துணை. இங்கே நினைவிற்கொள்ள வேண்டிய இயற்கை விதி ஒன்று உண்டு. ஒளி விளக்கிலிருந்து விலக விலகத் தொலைவின் இருமடிப் பங்கில் குறைகிறது. எட்டடி உயரத்தில் உள்ள விளக்கை நான்கடிக்குக் கொணர்ந்தால், நேராக விழும் வெளிச்சம் நான்கு மடங்காகும். இரண்டடிக்குக் கொணர்ந்தால் பதினாறு மடங்காகும். பெரிய விளக்கு வாங்க வேண்டியதில்லை. இருக்கும் விளக்கை இறக்கினாலே போதும். நெசவாளர் தறிவிளக்கைக் கயிறு கட்டித் தாழ்த்துவதன் இரகசியம் இதுவே. தரையில் அமர்ந்து படிக்கும் பிள்ளை, மேசையில் அமர்வோரைவிடக் கூரை விளக்குக்கு இன்னும் தொலைவில் இருக்கிறது என்பதை மறவாதீர்கள்.

படிக்கும் விளக்கு ஏட்டிற்கு மேல் ஒன்றரை அடி உயரத்தில், ஒரு பக்கமாகச் சற்றுத் தள்ளி இருத்தல் நன்று. வலக்கையால் எழுதும் பிள்ளைக்கு ஒளி இடப்பக்கத்திலிருந்து வரவேண்டும். இடக்கையால் எழுதும் பிள்ளைக்கு வலப்பக்கத்திலிருந்து. இல்லையேல் எழுதும் கையின் நிழல் எழுத்தின்மேலேயே விழுந்து, பிள்ளை குனிந்துகொண்டே போகும். முதுகுக்குப் பின்னால் விளக்கு இருந்தால் தலையின் நிழல் பக்கம் முழுவதையும் மறைக்கும். அண்ணனும் தங்கையும் ஒரே விளக்கின்கீழ்ப் படிப்பதாயின், எதிரெதிரே அமர்த்தாமல் அருகருகே அமர்த்தி, யாருடைய நிழல் யார்மேல் விழுகிறது என ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கூச்சம் வேறொரு பகை. விளக்கின் குமிழ் நேராகக் கண்ணில் படுமாயின், எவ்வளவு வெளிச்சம் இருந்தும் பயனில்லை. மூடியின் கீழ்விளிம்பு பிள்ளையின் கண்மட்டத்திற்குச் சற்றுக் கீழே இருந்தால் குமிழ் மறைந்துவிடும். கடையில் வாங்கும் மேசை விளக்கானாலும், வீட்டில் தகரத்தையோ கெட்டி அட்டையையோ வளைத்துச் செய்த மூடியானாலும் விதி ஒன்றே. அட்டையாயின் விளக்கின் சூட்டில் படாதவாறு இடைவெளி விட வேண்டும். பழைய குண்டு பல்புக்கு அட்டை மூடி ஒருபோதும் ஆகாது.

பளபளப்பான பாடநூல் தாளில் விளக்கின் ஒளி பட்டுத் தெறித்து எழுத்தை மறைப்பதும் உண்டு. இதைக் கண்டறிய எளிய வழி கூறுவோம். பிள்ளை படிக்கும் நிலையில் புத்தகத்தின்மேல் முகம் பார்க்கும் சிறு கண்ணாடியைப் படுக்க வையுங்கள். பிள்ளையின் கண்ணிருக்கும் இடத்திலிருந்து அக்கண்ணாடியில் விளக்கு தெரிந்தால், விளக்கோ புத்தகமோ சற்று நகர வேண்டும். தெரியாத இடம் கிடைக்கும்வரை நகர்த்துங்கள். தரையில் எழுதும் பிள்ளைக்கு ஒரு சாய்வுப் பலகை கொடுத்தால் கூச்சமும் குறையும், கழுத்தும் பிழைக்கும்.

இருட்டறையில் ஒற்றை விளக்கு

"அப்படியாயின் அறை விளக்கை அணைத்துவிட்டு மேசை விளக்கை மட்டும் எரிய விடலாமே, மின்சாரம் மிச்சமாகுமே" எனச் சிலர் கேட்கலாம். அது சரியன்று. காஞ்சியின் பெருங்கோயில்களில் வெயில் காயும் முற்றத்திலிருந்து நீண்ட மண்டபங்களைக் கடந்து கருவறை முன்னே வந்து நிற்போரின் கண் முதலில் ஒன்றையும் காண்பதில்லை. பின்னரே இருளுக்குப் பழகி, அங்கே எரியும் எண்ணெய் விளக்கின் ஒளியில் காணத் தொடங்குகிறது. சுற்றிலும் இருள், நடுவில் ஒளி என்ற அவ்வமைப்பு பார்வையை ஓரிடத்தில் நிறுத்துவதற்கு ஏற்றது. கண் முழுமையாக இருளுக்குப் பழக அரைமணி நேரம் வரை ஆகும்.

படிப்பு அத்தகையதன்று. படிக்கும் பிள்ளை ஏட்டைப் பார்க்கிறது. நிமிர்ந்து சுவரைப் பார்க்கிறது. மீண்டும் ஏட்டுக்கு வருகிறது. ஒவ்வொரு முறையும் கண்மணி விரிந்தும் சுருங்கியும் களைக்கிறது. ஏட்டின்மீதுள்ள ஒளியில் மூன்றில் ஒரு பங்கேனும் அதனை அடுத்த இடத்தில் இருக்க வேண்டும் என்பது வல்லுநர் கூற்று. ஆகவே அறையில் மெல்லிய பொதுவிளக்கு ஒன்றும், ஏட்டின்மேல் தனிவிளக்கு ஒன்றும் சேர்ந்து எரிவதே முறை. கைப்பேசியில் பாடம் படிக்கும் பிள்ளைகளுக்கும் இதுவே விதி. இருட்டில் ஒளிரும் திரையைப் பார்ப்பதைவிடக் கண்ணைக் களைக்கச் செய்வது வேறில்லை.

இவ்விடத்தில் சுவரையும் கூரையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த சுவர் தன்மேல் படும் ஒளியில் ஐந்தில் நான்கு பங்கைத் திருப்பித் தரும். கரும்பச்சை, கருநீலம் போன்ற அடர்நிறங்கள் ஐந்தில் ஒரு பங்கைத் தந்தாலே மிகுதி. ஆண்டுதோறும் பண்டிகைக்கு முன் வெள்ளையடிக்கும் நம் முன்னோரின் வழக்கம் தூய்மைக்கு மட்டும் அன்று. அது வீட்டிற்கு மற்றொரு விளக்கு ஏற்றியதற்கு ஒப்பாகும்.

எந்த விளக்கை வாங்குவது?

2015 சனவரியில் மத்திய அரசு தொடங்கிய உஜாலாத் திட்டத்திற்குப் பின்னர் எல்.இ.டி. விளக்குகள் எளியோர் வீடுகளுக்கும் வந்துவிட்டன. பழைய 60 வாட் குண்டு பல்பு தந்த ஒளியை இன்று 7 முதல் 9 வாட் எல்.இ.டி. தருகிறது. தனிவிளக்குக்கு 5 அல்லது 7 வாட் போதும். வாங்கும்போது பெட்டியின்மேல் மூன்று செய்திகளைப் பாருங்கள்.

முதலாவது லூமன். விளக்கு வெளிவிடும் மொத்த ஒளி இதுவே. வாட் என்பது அது உண்ணும் மின்சாரத்தின் அளவு மட்டுமே. அதே வாட்டுக்கு மிகுந்த லூமன் தரும் விளக்கே சிக்கனமானது.

இரண்டாவது கெல்வின். 2700 என்றால் மாலை வெயில் போன்ற மஞ்சள் ஒளி; 6500 என்றால் நீலம் கலந்த வெண்ணொளி. கடைகளில் பெரிதும் விற்பது 6500. படிப்புக்கு இரண்டிற்கும் நடுவிலுள்ள 4000 இதமானது. நீலம் கலந்த கடும் ஒளி இரவில் உறக்கத்தைத் தள்ளிப்போடும் என்பது ஆய்வுகளால் நிறுவப்பட்டது. ஆகவே படுக்கைக்குச் செல்லும் முன் அரைமணி நேரமாவது மஞ்சள் ஒளியில் பிள்ளை இருத்தல் நலம்.

மூன்றாவது நிறங்காட்டும் திறன். இதனைப் பெட்டியில் 'சி.ஆர்.ஐ.' எனக் குறிப்பர். 80க்குக் குறையாதிருக்க வேண்டும். இதன் அருமையைப் பட்டு வீட்டாரிடம் கேளுங்கள். இசையரசி எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையாருக்காகக் காஞ்சிபுரம் முத்துச் செட்டியார் உருவாக்கிய நீலம் 'எம்.எஸ். நீலம்' எனவே பெயர் பெற்றது. அத்தகைய நீலத்தைத் தரக்குறைவான விளக்கின்கீழ் வைத்தால் கருப்பிலிருந்து பிரித்தறிவது கடினம். ஆகவேதான் நெசவாளர் சாயம் பொருந்துகிறதா என்பதைப் பகல் ஒளியில் பார்க்கின்றனர். வரைபடத்தில் ஆறும் எல்லைக்கோடும் ஒன்றுபோல் தெரியும் பிள்ளைக்கும் இதே இடர்தான்.

பெட்டியில் எழுதாத நான்காவது செய்தி ஒன்றும் உண்டு. அதுவே துடிப்பு. சில விளக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் நொடிக்கு 100 முறை மின்னி அடங்குகின்றன. 1989இல் இங்கிலாந்தில் ஆர்னால்டு வில்கின்சும் துணைவரும் நடத்திய ஆய்வில், துடிக்கும் குழல் விளக்குகளுக்குப் பதிலாகத் துடிப்பில்லாத அமைப்பைப் பொருத்தியபோது, அலுவலகப் பணியாளரின் தலைவலியும் கண் களைப்பும் பாதிக்கும் கீழே குறைந்தன. இதைச் சோதிக்க, விளக்கின்கீழ் ஒரு பென்சிலை விரைவாக இடமும் வலமும் ஆட்டுங்கள். பென்சில் மங்கலான விசிறி போல் தெரிந்தால் விளக்கு நன்று. தனித்தனிப் பென்சில்களாகத் தெரிந்தால் விளக்கு துடிக்கிறது. படிக்கும் இடத்திற்கு அது வேண்டா.

செலவு எவ்வளவு ஆகும்? 7 வாட் விளக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் எரிந்தால், இரு மாதங்களுக்கு ஒன்றேகால் யூனிட்டே ஆகிறது. கைத்தறி நெசவாளர்க்கு இரு மாதங்களுக்கு 300 யூனிட் வரை கட்டணமின்றி வழங்க 2023இல் தமிழக அரசு ஆணையிட்டது. அக்கணக்கில் இவ்விளக்கு ஒரு துளி. மின்தடைக்கு மெழுகுவர்த்தியை நம்ப வேண்டா. அதன் ஒளி போதாது. பட்டும் பாவும் உள்ள வீட்டில் அது பேராபத்தும் ஆகும். மின்கலத்தால் எரியும் சிறு எல்.இ.டி. விளக்கு ஒன்றை எப்போதும் மின்னேற்றி வைத்திருங்கள்.

கண்ணுக்கு வேண்டிய மற்றொன்று

மங்கலான ஒளியில் படித்தால் கண் கெட்டுப்போகும் என்று பாட்டிமார் எச்சரிப்பதுண்டு. அதனால் கண் களைக்கும், தலை வலிக்கும், படிப்பில் வெறுப்புத் தோன்றும் என்பன உண்மை. பார்வை நிலையாகக் கெட்டுவிடும் என்பதற்குச் சான்று இல்லை. ஆயின் வேறொரு பக்கத்திலிருந்து எச்சரிக்கை வந்துள்ளது. பகல் வெளிச்சத்தில் விளையாடாது வீட்டுக்குள்ளேயே வளரும் பிள்ளைகளிடம் கிட்டப்பார்வை மிகுதியாகத் தோன்றுகிறது. சீனத்தின் குவாங்சௌ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளில் மூன்றாண்டுகள் ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பள்ளிகளில் நாள்தோறும் கூடுதலாக 40 நிமிடம் பிள்ளைகளை வெளியில் விளையாட விட்டனர். 2015இல் வெளியான முடிவின்படி, வழக்கமான பள்ளிகளில் 39.5 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வந்தது. வெளியில் விளையாடியோரிடம் 30.4 விழுக்காடே. தைவான் நாடு 2010 முதல் நாளொன்றுக்கு 120 நிமிடம் வெளியே இருக்கப் பிள்ளைகளை ஊக்குவிக்கிறது.

எனவே, பள்ளிவிட்டு வந்த பிள்ளையை உடனே புத்தகத்தின்முன் அமர்த்தாதீர்கள். பொழுது சாயும்வரை தெருவிலோ மொட்டை மாடியிலோ ஓடி விளையாடட்டும். படிக்கத் தொடங்கியபின், இருபது நிமிடத்திற்கு ஒருமுறை தலை நிமிர்ந்து தொலைவிலுள்ள எதையேனும் சற்று நேரம் பார்க்கட்டும். புத்தகத்தைக் கண்ணருகே கொண்டுபோகும் பிள்ளையையும், கரும்பலகை தெரியவில்லை என்னும் பிள்ளையையும் காலந்தாழ்த்தாது கண் மருத்துவரிடம் காட்டுங்கள். கண்ணாடி வேண்டிய பிள்ளைக்கு எந்த விளக்கும் அதற்கு ஈடாகாது.

இன்று மாலையே தொடங்குக

அன்பார்ந்த பெற்றோரே, தனி அறை கட்ட வசதி இல்லையே என வருந்த வேண்டா. நான்கடிக்கு மூன்றடி இடம், வெள்ளையடித்த ஒரு சுவர், ஒரு சாய்வுப் பலகை, தாழத் தொங்கும் ஒரு விளக்கு: இவை போதும். இன்று மாலை பிள்ளை படிக்கும் இடத்தில் நீங்களே ஒருமுறை அமர்ந்து பாருங்கள். நிழல் எங்கே விழுகிறது, கண் எங்கே கூசுகிறது என்பதைக் குறித்துக்கொண்டு, பிள்ளையையும் உடன் வைத்துக்கொண்டே விளக்கை நகர்த்துங்கள். தன் மூலையைத் தானே அமைத்த பிள்ளை அங்கே அமர விரும்பும்.

பின்னர் அம்மூலைக்கு ஒரு நேரத்தைக் குறியுங்கள். அந்நேரத்தில் தொலைக்காட்சி அடங்கட்டும். தறி ஓடும் வீடாயின், அந்த இரண்டு மணி நேரத்திற்கு நாடா தள்ளும் வேலைக்குப் பிள்ளையை அழைக்காதிருங்கள். அவசர வேலை ஒன்று வந்து ஒரு நாள் விதி தளரலாம்; மறுநாள் அது மீண்டும் நிலைபெற வேண்டும். பாவில் அறுந்த ஓர் இழையைத் தேடிக் கண்டு முடிபோடும் அதே பொறுமையோடு, பிள்ளையின் ஏட்டில் விழும் நிழலையும் தேடிக் கண்டு நீக்குவோமாக.